மாடு சாய்க்கிற பிடி

முன்வரிசையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் ஒரு எஸ்.ஐ. தன் தொப்பியை வைத்திருந்தார். பொற்கொடி வந்து நின்ற பிறகும் அதை எடுக்கவில்லை. அவளே எடுத்து அவர் மடியில் வைத்தாள். "உங்களுதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மனநலம் குலைந்து நிற்கும் ஒருவரைப் போலீசார் எப்படி அணுக வேண்டும் என்று சொல்லித்தரும் பயிற்சி அது. நடத்தியவர் டாக்டர் ஜாஹிதா. பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவர் பேசட்டும் என்று பொற்கொடியை வரவழைத்தவரும் அவர்தான். உருக்கமாகப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். பொற்கொடி வந்தது வேறு காரியத்துக்கு. இனி ஒரு போலீஸ்காரனும் ஒரு மனிதன் முதுகில் முட்டியை ஊன்றக் கூடாது. அந்தப் பிடி தப்பு என்பதை, அவள் அண்ணனை அப்படிப் பிடித்தவர் வாயாலேயே இந்த ஹாலில் சொல்லவைக்க வேண்டும். பிடித்தவர் மூன்றாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஏட்டு வேங்கடசாமி.

பொற்கொடி தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக் கூலிக்காரர் மகள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் காயில்களைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், அண்ணனை எங்கே விடுவீங்க என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். அண்ணன் கதிரேசன் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். காதுக்குள் ஆட்கள் பேசத் தொடங்கிய பிறகு மில் அவனை வேண்டாம் என்றது. அவன் கொந்தளித்துவிட்டால் அவள் டிவியை அணைப்பாள். கதவைத் திறந்து வைப்பாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலைக்காய் உரிப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கொஞ்ச நேரத்தில் அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பிப்பான்.

அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போதுதான் அது நடந்தது. பேண்டுச் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. பஸ் ஸ்டாப்பில், செத்துப்போன அம்மா உள்ளே இருக்கிறாள் என்று ஒரு பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டான். கையில் ஒன்றுமில்லை. யாரையும் அடிக்கவில்லை. கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்தது. போலீஸ் வந்தது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தானா வந்துருவான் என்று அவள் கெஞ்சியதற்கு, நீ ஓரமாப் போ என்றார்கள். வேங்கடசாமி அவன் தோளில் கிடந்த துண்டை உருவி, அவன் காலில் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தார். கதிரேசன் குப்புற விழுந்தான். முதுகில் முட்டி ஏறியது. மூச்சு முட்டுதுங்க சார் என்றான் அவன். பேசறான்ல, மூச்சு இருக்கும் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு இல்லை. விசாரணையில் இருதயக் கோளாறு என்று எழுதி முடித்தார்கள்.

இப்போது ஹாலில், டாக்டர் அதே சம்பவத்தைப் பேச்சுக்கு எடுத்ததும் வேங்கடசாமி எழுந்தார். காங்கயம் பக்கத்துக் காட்டில் வளர்ந்தவர். குரலில் கூச்சமே இல்லை.

"லத்தியவே தொடலீங்க டாக்டர். உடம்புல ஒரு கீறல் இல்ல. லாடம் அடிக்க எங்க மாட்ட எப்படிச் சாய்ப்போமோ, அப்படித்தான் சாய்ச்சேன். வலிக்காதுங்க. அதுக்கு மேல அவன் விதி."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். டாக்டர் பொற்கொடியைப் பேசச் சொன்னார். வீட்டில் அவள் செய்துவந்ததைச் சொன்னாள். தொப்பிக்கார எஸ்.ஐ. சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, அருவாளோட நிக்கறவன் முன்னாடி நாங்க கடலைக்காய் உரிச்சுட்டு உக்காரணுங்களா?"

ஹாலே சிரித்தது.

"எங்க அண்ணங்கிட்ட அருவா இருந்துச்சுங்களா?"

எஸ்.ஐ. தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். பொற்கொடி அவரை விட்டுவிட்டு மூன்றாவது வரிசைக்குத் திரும்பினாள்.

"ஏட்டய்யா, மாட்டச் சாய்ச்சா அது எப்படிங்க கெடக்கும்?"

"ஒருக்களிச்சுத்தான்."

"குப்புறப் போட்டு மேல உக்காருவீங்களா?"

வேங்கடசாமி டாக்டர் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க. உங்க மாட்ட அப்படிப் போட்டு யாராச்சும் உக்காந்தா உங்கப்பா என்ன பண்ணியிருப்பாரு?"

"மாடு செத்துப்போயிரும்னு தெரியாதா" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சொன்னவர் உடனே வாயை மூடிக்கொண்டார். ஏட்டின் கழுத்து சிவந்துபோனது. கேஸ் முடிஞ்சுபோச்சு, அதைக் கிளற இது இடமில்லை என்று உறுமிவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் டீக்கு இடைவேளை விட்டார். பொற்கொடி பக்கம் ஒருவரும் வரவில்லை. அவளும் டீ வாங்கவில்லை.

பிறகு செய்துகாட்டும் பகுதி. போலீஸ்காரர் மதன்குமார் நோயாளியாக நடித்தார். சாமுவேல் என்கிற இன்னொருவர் மெதுவாகப் பேசி, தண்ணீர் கொடுத்து, எல்லாம் டாக்டர் சொன்னபடி செய்தார். மதன்குமார் திமிறியதும் அத்தனையும் மறந்துபோனது. பழக்கம். ஆளைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியைப் போட்டார். கீழே கிடந்தவர் சிரித்துக்கொண்டேதான் கிடந்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. ஒரு கை தரையில் தட்டியது.

டாக்டர் வாயெடுப்பதற்குள் மூன்றாவது வரிசையில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"முட்டிய எட்றா!" வேங்கடசாமி சாமுவேலின் தோளைப் பிடித்து இழுத்தார். "எட்றாங்கறேன். ஒருக்களிச்சுப் போடு. குப்புறப் போட்டா செத்துப்போவான்டா."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. பொற்கொடி பக்கம் திரும்பவேயில்லை. மதன்குமார் ஒருக்களித்துக் கிடந்து இருமிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஜாஹிதா பொற்கொடியைப் பார்த்தார். ஏட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஏட்டு பின்னாலேயே வந்தார்.

"அம்மணி, நான் வேணும்னு…"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. மன்னிக்கறதுக்கு நான் வரல." செருப்பைத் தேடி மாட்டினாள். "இப்பச் சொன்னீங்களே, அத அடுத்த பேட்ச்சுக்கும் சொல்லுங்க. நான் வந்து உக்காந்து கேப்பேன்."