ஷூவோடு ஒரு பாட்டு வகுப்பு

வகுப்பு தொடங்குமுன் ஜல்ஜல் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தால் தரையைத் தடவிக்கொண்டே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவாள். சுவர் வந்ததும் ஓரடி தள்ளித் திரும்புவாள். குண்டூசி தேடுகிறாள். போன வருடம் ஒரு குழந்தையின் குதிகாலில் ஊசி ஏறியதிலிருந்து பிள்ளைகள் ஷூவோடுதான் ஆட வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் உத்தரவு. இனி ஊசி யாரையும் குத்தப்போவதில்லை. பழக்கம்தான் விடவில்லை.

கையில் எப்போதும் மணி கோத்த வளையம் இருக்கும்; அதன் சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் இட்ட பெயர்தான் ஜல்ஜல். பதினோரு வருடமாக அந்த மழலையர் பள்ளியில் அவளுக்கு ஒரே வேலை. கீபோர்டில் வாசிப்பாள், பிள்ளைகள் காதில் விழுந்ததை உடம்பால் சொல்ல வேண்டும். கனத்த ஒலிக்கு யானையாவார்கள். சோகமான மெட்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"பதினோரு வருஷம் முட்டி போட்டதுல முட்டிதான் தேஞ்சுது. வேற என்னத்தக் கண்ட?" என்பாள் வீட்டில் அண்ணி, சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தியபடி.

வகுப்பில் பொம்மை என்ற சிறுமி மட்டும் அசையவில்லை. நாலு வயது. ஏழு மாதமாக நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா கேட்டுவிட்டாள்: "இந்த வகுப்பால எம் பொண்ணுக்கு என்ன வந்துச்சு? இந்த நேரத்துல எழுதவாவது சொல்லிக் குடுங்களேன்." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

தலைமை ஆசிரியை டீச்சரைக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை பொம்மையோட அம்மா வந்து உக்காருவாங்க. புள்ள அசைஞ்சா வகுப்பு இருக்கும். இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை அந்த அம்மா குட்டி நாற்காலியில், முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தாள். டீச்சர் தெரிந்ததையெல்லாம் வாசித்தாள். மற்ற பிள்ளைகள் மழையானார்கள், கடைசியில் களைத்துப்போய்த் தூங்கும் பூனைகளானார்கள். பொம்மை நின்றாள்.

டீச்சர் மண்டியிட்டாள். "கண்ணு, பாட்டு உனக்கு எங்க கேக்குது? டீச்சருக்குக் காட்டு."

பொம்மை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

வெட்கம் என்று நினைத்து டீச்சர் அவள் முகவாயை மெல்ல நிமிர்த்திவிட்டாள்.

"போதும் டீச்சர், விடுங்க. நீங்களும் பாவம்தான்," என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த வாரம் கூடத்தில் மேசைகள் போட்டார்கள். ஜல்ஜல் டீச்சர் இப்போது ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

பிள்ளைகளை மதியம் தூங்கவைக்கும் ஆயா நெடுநாள் கழித்துச் சொன்னது இது: பொம்மையின் சாக்ஸ் இரண்டிலும் கட்டைவிரல் பக்கம் மட்டும் ஓட்டை விழுந்துகொண்டே இருந்ததாம். பாட்டு வகுப்பு உள்ள நாட்களில் ஷூவைக் கழற்றினால் அந்த விரல்கள் சிவந்து, வியர்த்து, சூடாக இருக்குமாம். வகுப்பு நின்றபின் சாக்ஸ் கிழியவே இல்லையாம்.