உள்ளே வாசிப்பவர்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பேப்பரக்கா என்று பெயர். மதியச் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இஸ்திரி மேசையின் ஓரத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கொஞ்சம் சத்தமாகப் படியேன், எங்களுக்கும் ரெண்டு விஷயம் தெரியட்டும் என்று யாராவது கேட்டால் போதும், உடனே அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வருஷம் முழுக்கத் தொண்டை கட்டின ஒருத்தியை அந்தக் கூடம் அதற்கு முன் கண்டதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளும் கண்டுகொள்ளவில்லை.

காரணம் வேறு. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

கல்யாணம் ஆனபோது அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. கணவர் பஸ் டிரைவர். அவரும் பெரிய படிப்பாளி இல்லை, ஆனால் பேப்பர் படிக்காமல் இருக்க மாட்டார். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டுவார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் தொண்டையைச் செருமி, "அப்புறம் பாரு" என்பார். சாவுச் செய்தி வந்தால் மட்டும் மூச்சுவிடாமல் தாண்டிவிடுவார். தாண்டியதே அவளுக்குத் தெரியாது. அவர் வாசித்த உலகத்தில் யாரும் சாகவே இல்லை.

மகளுக்குப் பல் முளைப்பதற்கு முன்பே, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவள் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆனால் பேப்பர் வாங்குவதை நிறுத்தவில்லை. காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்ப்பாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். மகள் முதல் வகுப்புக்குப் போனதும் அவளுடைய புத்தகத்தையே தானும் படிக்க ஆரம்பித்தாள். சலவைக்கூட மேற்பார்வையாளர், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கிண்டலடித்தார். "அம்பதுக்கு இன்னும் நாள் இருக்கு சார், அதுக்குள்ள வளைஞ்சுடறேன்" என்றாள்.

ஒரு மாலை, பேப்பரில் ஒரு வரியை விரல் வைக்காமல் கண்ணாலேயே படித்து முடித்தாள். மழையால் பாலத்தை மூடிவிட்டார்கள் என்ற சாதாரணச் செய்தி. அதை அவளுக்குள்ளே வாசித்தது கணவரின் குரல். அதே கரகரப்பு. வரி முடிந்ததும் ஒரு செருமல். அப்புறம் பாரு.

அவள் திடுக்கிட்டு நாற்காலியைப் பார்த்தாள். காயப்போட்ட துண்டுதான் கிடந்தது. பேப்பரை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மறுநாள் ஆசை பயத்தை வென்றுவிட்டது, எடுத்து மீதியையும் படித்தாள்.

அதற்குப் பிறகு அவள் படித்த படிப்புக்கு அளவில்லை. அறிவுத் தாகம் என்று நினைத்தால் தப்பு. அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத் தீனி வேண்டும், அவ்வளவுதான். மகளோடு வகுப்பு வகுப்பாக ஏறினாள். மகள் பள்ளியை முடித்த பிறகு நூலகத்தில் இறங்கினாள். வாடகைச் சட்டம், ரத்த ஓட்டம், நட்சத்திரங்கள், நீராவி, எது கிடைத்தாலும் விடவில்லை. கடினமான சொல் வந்தால் அவர் குரல் மேட்டில் ஏறும் பஸ்ஸைப் போலத் திணறும். இரண்டாம் தடவை சுலபமாக ஏறிவிடும். இப்படிச் செத்த மனுஷனும் அவளோடு சேர்ந்து படித்துக்கொண்டே போனார். நிலா ஏன் கீழே விழவில்லை என்ற பக்கத்தை மட்டும் அவள் தனக்காகவே திரும்பத் திரும்பப் படித்தாள். ஆசை எப்போது தன்னுடையதாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. படிக்கும்போது மனதில் கேட்கும் குரலை நம் மூளைதான் உண்டாக்குகிறது என்று ஒரு புத்தகம் சொன்னது. கூச்சமே இல்லாமல் அதையும் அவரே வாசித்தார். அப்புறம் பாரு என்றார்.

மரணம் என்ற சொல் வந்தால் மட்டும் சத்தம் நின்றுவிடும். கடிநாய் இருக்கும் தெருவைக் கடப்பதுபோல அவள் அந்தச் சொல்லைத் தனியாகக் கடப்பாள். அடுத்த வரியில் அவர் காத்திருப்பார்.

ஒரே ஒரு தடவை, கடைவாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை யாருக்கோ வாய்விட்டு வாசித்துக் காட்டினாள். தன் மெல்லிய குரல் தன் காதிலேயே விழுந்தது. அதன் பிறகு பல நாள் உள்ளே சத்தமே இல்லை. திரும்பி வந்துவிட்டார் என்றாலும், அந்த நாட்களை அவள் மறக்கவில்லை. இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தால் ஒரேயடியாகப் போய்விடுவார் என்று நிச்சயமாக நம்பினாள்.

இதில் நஷ்டப்பட்டது மகள்தான். சின்ன வயதில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கதை படித்துக் காட்டச் சொல்வாள். "கண்ணு இருக்குல்ல, நீயே படி" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு தன் புத்தகத்தில் மூழ்கி, தனக்குள் யாருக்கோ சிரிப்பாள். பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்த மகள், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அந்த மகள் வளர்ந்து பெயின்ட் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். அங்கே ஒருநாள் டிரம் கழுவும் திரவம் தெறித்து அவளுடைய இரண்டு கண்ணிலும் விழுந்தது. மருத்துவமனையில் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

அம்மா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் பேப்பரை விரித்தாள். சரசரப்பு மகள் காதில் விழுந்தது.

"பேப்பரா?"

"ஆமா."

"படிச்சுக் காட்டும்மா."

அம்மா பேப்பரை மடிக்கப் போனாள்.

"கண்ணு இருக்குல்ல, நீயே படின்னு சொல்லுவியே," என்றாள் மகள். குரலில் கோபமில்லை. "இப்ப என்ன சொல்லப் போற?"

உள்ளே இருக்கிறவர் முதல் வரியை வாசிக்கத் தயாராகத் தொண்டையைச் செருமினார். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு, செத்தவருக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. மன்னிச்சுக்கோங்க என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

முதல் செய்தியைத் திக்கித் திக்கி வாசித்தாள். இரண்டாவதில் குரல் நிதானத்துக்கு வந்தது. அங்கங்கே தொண்டையைச் செருமினாள். மூன்றாவது முடிந்ததும் மகள் கையை நீட்டி அவள் முழங்காலைப் பிடித்தாள்.

"யாரு மாதிரிம்மா படிக்கிற?"

"ஏன்?"

"இது உன் பேச்சு இல்லையே. நீ எப்ப 'அப்புறம் பாரு'ன்னு சொல்லியிருக்க?"

தான் சொன்னதே அம்மாவுக்குத் தெரியவில்லை. பேப்பர் நனைந்து எழுத்து மங்கியது. "உங்கப்பா மாதிரி," என்றாள்.

அப்பா குரல் மகளுக்கு நினைவில் இல்லை. "ஒண்ணையும் விடாம படி," என்றாள். அம்மா சாவுச் செய்திகளையும் சேர்த்து வாசித்தாள். மரணம் என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒலித்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. பொருளெல்லாம் புரிந்தது, முன்னைவிட வேகமாகவே புரிந்தது. அவரை அடக்கம் செய்த அன்றுகூட அந்த வீடு இவ்வளவு காலியாக இருந்ததில்லை. நாளைக்கு வருவார், மறுநாள் வருவார் என்று பார்த்தாள். வரவில்லை. படிப்பை மட்டும் அவள் விடவில்லை. தட்டுத் தடுமாறித் தன் குரலிலேயே படித்தாள்.

கட்டைப் பிரித்தபோது மகளுக்கு ஒரு கண் தெளிவாக இருந்தது, மற்றது மங்கல். ஒரு கண்ணாவது மிஞ்சியதே என்று இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் மகள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பேப்பரைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. படிக்கறப்போ உள்ள யாரோ தொண்டையைச் செருமற மாதிரி இருக்கு."

சத்தமாகப் படி, நானும் ஒரு தடவை கேட்கிறேன் என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அப்படிப் படித்தால் அவர் மகளிடமிருந்தும் போய்விடுவார்.

"பயப்படாத," என்றாள். "வாயைத் திறக்காம படி."