மதிப் பாட்டு

எட்டு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. எங்கள் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த சித்திக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். நியமித்தது சித்தி. சம்பளம், அவள் ஊரிலிருந்து வரும் கடலைமிட்டாய். நாளுக்கு ஒன்று, சந்தேகமான வார்த்தைகள் நிறைய வந்த நாளில் இரண்டு.

எல்லைக்கு மலையாளப் பக்கம், அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இப்படி ஒரு உத்தியோகத்துக்குத் தேவை வரும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டை போடும்போது இரண்டும். ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தால் எந்த இடத்தில் மாறினோம் என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. சித்தியை அந்த மாறுகிற இடம்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது.

வந்த இரண்டாவது வாரமே அது நடந்தது. வடக்குவீட்டு மாமி, தன் தோட்டத்தில் அந்த வருஷம் முதலில் பழுத்ததைப் புதுப்பெண்ணுக்கு என்று வாழையிலையில் பொதிந்து எடுத்து வந்தாள். வாசலில் சித்தி மட்டும்தான் நின்றாள். "கொஞ்சம் சக்க கொண்டுவந்திருக்கேன் மக்கா" என்றாள் மாமி. எங்களுக்குச் சக்கை என்றால் பலாப்பழம். சித்தியின் ஊரில் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் மிஞ்சுகிற திப்பி. சித்தி மரியாதை தெரிந்தவள். முகத்தைச் சுளிக்காமல், "சரிங்க, அந்தத் தொழுவுல போட்டுருங்க, மாடு தின்னுக்கிடும்" என்று சொல்லிவிட்டாள்.

மாமி பொதியைப் பிரிக்காமலே திரும்பிப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் வடக்குவீட்டு மாமன் அதைக் கடைமுக்கில் நடித்தே காட்டிவிட்டார். மாமனுக்கு விடியற்காலையில் ரப்பர் வெட்டுகிற வேலை. அதற்குப் பிறகு நாள் முழுவதும் ஊரைச் சிரிக்க வைக்கிற வேலை. சித்திக்குச் 'சக்கப்பெண்ணு' என்று பேர் விழுந்தது. கடையில் வாழைப்பழம் கேட்டால், "மாட்டுக்கா, மனுசனுக்கா?" என்றார்கள். அந்தக் கேலியில் வன்மம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பாதி புரியாத மொழியில் கேலி வரும்போது அதில் வன்மம் உண்டா இல்லையா என்று சித்தி எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் "ம்", "இல்ல", அவ்வளவுதான். வெளியே அதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

சித்தப்பாவுக்கு நெய்யாற்றின்கரையில் செல்போன் பழுதுபார்க்கிற கடை. ஒருநாள் அவர் என் அம்மாவிடம், "இவ ஊருக்குப் போயிருதேன்னு சொல்லுதா மைனி. மாசம் ஒருக்க நான் அங்க வந்து பாத்தா போருமாம்" என்றார். கடலைமிட்டாய் நின்றுவிடுமே என்பதுதான் என் முதல் கவலை. மற்றக் கவலை அதற்குப் பின்னால்தான் வந்தது. அது வந்தபோது அழுகையும் கூடவே வந்துவிட்டது.

அப்படி வாயை மூடிக்கொண்டவள் ஒரே ஒரு இடத்தில் வாயைத் திறந்தாள். கிணற்றடியில் துணி துவைக்கும்போது பாடுவாள். சினிமாப் பாட்டு இல்லை, ஒரு பழைய நோட்டில் தானே எழுதி வைத்திருந்த பாட்டுகள். கல்லில் துணியை அடிக்கிற அடிதான் தாளம். யாராவது வந்தால் பாட்டு நின்று அடி மட்டும் கேட்கும். எனக்காக மட்டும் நிறுத்தமாட்டாள், நான் அவள் சம்பளக்காரி அல்லவா.

எங்கள் ஊர் நூலகத்துக்கு வாயனசாலை என்று பேர். வாயனை என்றால் வாசிப்பு. இந்த விளக்கத்துக்கு எனக்கு ஒரு கடலைமிட்டாய் கிடைத்தது. அதன் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஹால். கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், எந்நேரமும் இருமிக்கொண்டிருக்கும் ஒரு ஆர்மோனியம். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே பாட்டும் கவிதையும் நடக்கும். யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம். ஆளுக்கு எட்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தில் செக்ரட்டரி சார் மேஜைமணியை ஒருமுறை தட்டுவார், எட்டாவதில் இரண்டு முறை. பிரசவ வேதனையைப் பற்றிய கவிதையாக இருந்தாலும் இரண்டாவது மணிக்குள் பிள்ளை பிறந்தாக வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அதனால் மழை நேரம் கணக்கில் சேராது.

பின்வரிசைக்குப் பிடிக்காமல் போனால் அங்கிருந்து "மதி" என்று ஒரு குரல் வரும். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். சத்தம் போட மாட்டார்கள். ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி மெதுவாகத்தான் சொல்வார்கள். மதி கேட்டு இறங்கியவர் மறுபடி அந்த மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது செக்ரட்டரி சார் பேர் எழுதிக்கொண்டிருந்தார். "மோளே, வீட்டுல பாடுந்ந ஆளு ஆரெங்கிலும் உண்டோ?" என்று எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். நான் சித்தியின் பேரைச் சொன்னேன். ஊருக்குப் போகப்போகிறவளுக்கு இங்கே ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டால் எப்படிப் போவாள் என்பது என் எட்டு வயது மூளையின் ஏற்பாடு. சார் அப்போதே வாசல் கரும்பலகையில் மலையாளத்தில் எழுதிப் போட்டுவிட்டார். நான்கு நாட்கள் சித்தி தன் பேரைத் தாண்டியே கடைக்குப் போய்வந்தாள். "அதுல என்னட்டி எழுதியிருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். "போலியோ சொட்டுமருந்து" என்றேன்.

ஐந்தாம் நாள் சித்தப்பா பலகையைப் பார்த்துவிட்டு அல்வாவோடு வந்தார். மனைவி தானாகப் போய்ப் பேர் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. சித்தி அந்த முகத்தைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற என்னையும் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் என் காதைத் திருகினாள்.

"மேடையில எம் பக்கத்துலயே நிக்கணும். அவங்க என்ன சொன்னாலும் எனக்குச் சொல்லணும், ஒரு வார்த்தை விடக் கூடாது. சிரிச்சு எறக்கிவிட்டாங்கன்னா மறுநாள் காலையில நான் பஸ் ஏறிருவேன், பாத்துக்கோ."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணிப்பையில் நான்கு சேலை மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. கவிதையில் ஊருக்கு இருந்த ஆசை பாதி, சக்கப்பெண்ணு என்ன செய்யப்போகிறாள் என்கிற ஆசை பாதி. சித்தி மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் முன்வரிசையில் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன பாடப்போகிறாள் என்று வீட்டில் யாரும் கேட்டுவைக்கவில்லை. அதுதான் எங்கள் தப்பு. அது நிலாவைப் பற்றிய பாட்டு. நிலாவுக்குச் சித்தி போட்டிருந்த சொல் மதி.

வத்திப்போன கம்மாயில
எட்டிப் பாக்கும் வெண்மதியே
வட்டமுகம் பாக்கணுன்னா
எங்க வீட்டுக் குடத்துக்கு வா
மதியே... மதி.

கிணற்றடியில் நூறு தடவை கேட்ட பாட்டு. அங்கே எனக்கு அது வெறும் நிலாவாகத்தான் இருந்தது. இந்த ஹாலில் கேட்டபோதுதான் பின்வரிசையின் மதியும் அதில் இருப்பது உறைத்தது. முதல் 'மதியே மதி'யில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடுகிறவளே போதும் போதும் என்கிறாளே! இரண்டாவது தடவை முன்வரிசையிலேயே சிரிப்புக் கேட்டது. மூன்றாவதற்குப் பின்வரிசையில் வடக்குவீட்டு மாமன் எழுந்து, ரொம்பப் பணிவாகக் கைகூப்பி, "மதி... மதி!" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு நின்றுபோனது. சித்தியின் கை என் தோளைப் பிடித்தது. குனிந்து, என் காதருகில், "என்ன சொல்லுதாங்க?" என்றாள்.

ஒரு வார்த்தை விடக் கூடாது என்பது ஒப்பந்தம். துணிப்பையில் நான்கு சேலை. நான் சொன்னேன்: "பாட்டு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம் சித்தி. மதிப் பாட்டை மொதல்ல இருந்து பாடச் சொல்லுதாவ."

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தான் அதுவரை பயந்து தள்ளி நின்ற மைக்கைக் கையில் பிடித்து, "நல்லது. இவ்வளவு ஆசையாக் கேட்டுட்டீங்க. மொதல்லேருந்து பாடுதேன்" என்றாள்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இப்படி ஒரு பதிலை அந்த ஹால் பார்த்ததில்லை. சித்தி கிணற்றடியில் செய்வதுபோலவே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். செக்ரட்டரி சாரின் மேஜையில் உள்ளங்கையால் ஒரு தட்டு, இரண்டு தட்டு. துணி துவைக்கிற தாளம். ஆர்மோனியக்காரர் தேடித் தேடி அவள் சுருதியைப் பிடித்துவிட்டார். வத்திப்போன கம்மாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் நிற்கிற எங்கள் ஊருக்கு, முகம் பார்க்க ஒரு குளத்தில்கூடத் தண்ணீர் கிடைக்காத நிலா வந்து நின்றது. நிலா என்கிற மதியும் எங்களுக்குத் தெரியும், போதும் என்கிற மதியும் தெரியும். ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது மற்றக் காதையும் திறந்தார்கள். 'மதியே மதி' வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மணியும் அடித்தது. கைதட்டல் அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து வடக்குவீட்டு மாமி, "ஒண்ணுகூடி!" என்று கத்தினாள். மலையாளத்தில் அப்படிச் சொன்னால் இன்னொரு தடவை என்று அர்த்தம். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். சித்தி என்னிடம் கேட்கவே இல்லை. அவளுக்குத் தமிழில்தான் காது கேட்டது.

"ஒண்ணு கூடியா? அதுக்கென்ன, எல்லாரும் ஒண்ணு கூடியே பாடுவோம்! நான் பாடப் பாட நீங்க மதியே மதின்னு சொல்லணும்."

சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துப் பார்த்தேன், பலனில்லை. எல்லாரும் செக்ரட்டரி சாரைப் பார்த்தார்கள். இரண்டாவது எட்டு நிமிடம் அங்கே யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை. சார் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "மழையாணு" என்று சொல்லிவிட்டு மணியை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்துவிட்டார்.

அன்று அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேரும் 'மதியே மதி' என்று பாடினார்கள். வடக்குவீட்டு மாமனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சித்தப்பா பாடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சித்தி பஸ் ஏறவில்லை. மாமி ஒரு முழுச் சக்கையோடு வந்து, "ஏட்டி மக்கா, இது மாட்டுக்கில்ல, உனக்காக்கும்" என்று சொல்லித் தானே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாணவீடு கிடையாது. சரியான நேரத்தில் நான் ஒரு பொய் சொன்னதால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சித்தியும், வாயனசாலைக்கு மாதாமாதம் ஒரு பாட்டுக்காரியும் மிஞ்சினார்கள் என்று முடிப்பேன். சித்தி பக்கத்திலேயே இருப்பாள். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் எனக்கு மைசூரில் வேலை கிடைத்தது. கன்னடத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. முதல் நாள் மத்தியானம் விடுதிச் சாப்பாட்டில், பரிமாறுகிற அம்மாள் என் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே போனாள். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் முழித்தேன். பக்கத்தில் இருந்த பெண் "சாக்கு" என்று சொல்லச் சொன்னாள். எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கு கட்டுகிற கோணிக்குத்தான் சாக்கு என்று பேர். இங்கே அதற்குப் போதும் என்று அர்த்தமாம். ஆக, வந்த ஊரில் நான் கற்ற முதல் சொல் அது. சொன்னேன், கரண்டி நின்றது. சோற்றில் கைவைத்தவளுக்குச் சித்தி ஞாபகம் வந்தது.

கை கழுவிவிட்டு வந்து சித்திக்குப் போன் செய்தேன்.

"சித்தி, அன்னைக்கு மேடையில நிக்கும்போ மதின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சித்தி சிரித்தாள். "வந்த நாள் மொதலா உங்க அத்தனை பேருக்கும் சோறு வெளம்பினவளாக்கும் நான். மதி மதின்னு எத்தனை தடவ கேட்டிருப்பேன்!"

"பின்ன எதுக்கு எங்கிட்டக் கேட்டிய?"

"எறங்கிரலாம்னுதான் நெனச்சேன் மக்கா. அதுக்கு முன்ன நீ என்ன சொல்லுதேன்னு பாப்போம்னு தோணிச்சு."

நான் சொன்னது பொய் என்று தெரிந்துதான் அவள் முதலிலிருந்து பாடியிருக்கிறாள்.