நால்வருக்கும் ஒரே மதிப்பெண்

புள்ளியியல் தாளில் ஒருமுறை தோற்றவளுக்கு வாய் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. கடைசி செமஸ்டரில் எங்களை நாலு நாலு பேராகப் பிரித்தபோது, "எனக்குத் தனியாப் படிச்சாத்தான் ஏறும், மேடம்" என்று எழுந்து நின்று சொன்னேன். பேராசிரியை மசியவில்லை. அவர் வைத்த விதி இன்னும் மோசம். குழுவில் ஒருவர் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார். வாய்மொழித் தேர்வில் அவர் வாங்குவதுதான் நாலு பேருக்கும் மதிப்பெண். தேறாவிட்டால் என் பட்டம் தள்ளிப்போகும், பி.எட். இடமும் கைநழுவிவிடும்.

மற்ற மூவரும் என்னைச் சும்மா விடவில்லை. மாலையில் கம்பம் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கல்லூரி வராந்தாவில் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பாடத்தைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கூட்டத்திலிருந்து மாதிரி எடுப்பது பற்றிய பாடம் என் பங்கு. நோட்டைப் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தேன். போடியிலிருந்து வருகிறவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கும் வேலை பார்ப்பவர்.

"சரி, ஒரு மூட்டை ஏலக்காய்க்குத் தரம் பாக்கணும். எங்கன அள்ளுவ?"

"மேல ஒரு கை."

மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"மேல நல்ல காயாத்தான்டி போட்டு வச்சிருப்பாக. அடியில, நடுவுல, ஓரத்துலன்னு கையவிட்டு அள்ளணும். நீ மனப்பாடம் பண்ணிருக்க, ஒனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் சின்னமனூர் தாண்டும்வரை அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். உத்தமபாளையத்தில் இறங்கும்போதுதான், போன தடவை ஏன் தோற்றேன் என்று உறைத்தது. மறுநாள் வெட்கத்தை விட்டுவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்து, "மொதல்லருந்து சொல்லு" என்றேன். அதன்பிறகு தினமும் மூவரும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டு என்னைப் பிழிந்தெடுத்தார்கள்.

தேர்வன்று சீட்டில் என் பெயரே வந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மாணவர்களின் கருத்தை அறிய, நூலகத்தில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் போதுமா?" என்றார் பேராசிரியை.

ஒப்பித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஏலக்காய் மூட்டைதான் வந்தது. "போதாது மேடம், அது மூட்டையில் மேலே மட்டும் அள்ளுகிற மாதிரி" என்று தொடங்கினேன். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் வாய் தானாகப் பதில் சொன்னது. நால்வரும் தேறினோம். அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கேன்டீனில் வடை தின்னும்போது கேட்டேன்: "சீட்டுல எம்பேரு வந்ததும் பயந்துட்டீங்களா?"

"பயமா? மொத நாளே நாங்க மூணு பேரும் மேடத்துக்கிட்டப் போயி, இவ எங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டு வந்தோம்" என்றாள் போடிக்காரி. "அவுக ஒத்துக்கல. பெறகு ஒன்னயத் தேத்தாம வேற என்ன செய்ய?"

கோபம் வர வேண்டிய இடம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் தட்டிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டேன். நல்லவேளை, நான் சொன்னதற்கும் பேராசிரியை மசியவில்லை, இவர்கள் சொன்னதற்கும் மசியவில்லை.