செல்வி கண்டக்டர் படம் பார்க்கிறார்

சிவாஜிநகர் பஸ் நிலையத்தைத் தாண்டி வந்த பிறகும் கண்டக்டர் விசில் விடாமல் கேட்கிறது. சத்தம் ஒரு பழைய கிடங்குக்குள்ளிருந்து வருகிறது. உள்ளே கலைக் கல்லூரியின் முதுகலை மாணவர்கள் இறுதியாண்டுக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள்.

மூன்று சுவர்களிலும் ஒரே படம். நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் இரண்டு கைகள் மட்டும் பெரிது பெரிதாக ஓடுகின்றன. காலடியில் தரை அதிர, என் கை தானாகக் கம்பியைத் தேடுகிறது.

படத்தை எடுத்த நந்தினி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர், ஜோகுபாளையத்துச் செல்வி, இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்க வருகிறாராம்.

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னா படத்தையே தூக்கிடறேன்னு சொல்லியிருக்கேன் சார். நாளைக்கு மார்க் போட வர்றாங்க. வேற படம் இல்ல."

ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு வருகிறார் செல்வி. நடுவில் நின்று, இமைக்காமல் முழுப் படத்தையும் பார்க்கிறார். நந்தினி நகத்தைக் கடிக்கிறாள்.

"ஏம்மா, என் மூஞ்சி எங்க?"

"நீங்கதானேக்கா காட்டக் கூடாதுன்னீங்க. வீட்ல திட்டுவாங்கன்னு..."

"அது அப்போ. இவ்ளோ ஜோரா வரும்னு யாருக்குத் தெரியும்? கேமராவ எடு. பேக, பேக!"

கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டே சட்டைக் காலரை இழுத்து விடுகிறார். நந்தினி ஓடிப்போய்க் கேமராவோடு வருகிறாள். அங்கிருக்கும் எல்லாரும் சுற்றி நிற்கிறோம்.

செல்வி நேராகப் பார்க்கிறார்.

"சிரிக்கணுமா, வேணாமா?" என்று கேட்கிறார். கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறார்.