வெள்ளை அங்கியில் நீலம்

போன மே மாதம் எங்கள் சபையின் விடுமுறை வேதப் பள்ளியில் சிறு பிள்ளைகளின் வகுப்பு எனக்குக் கிடைத்தது. நிறைவு நாள் ஊர்வலத்துக்குப் பிள்ளைகள் தாங்களே சாயம் ஏற்றிய டீ-ஷர்ட் போட்டு நடக்கட்டும் என்று சொன்னதும் நான்தான்.

சாயப் பெட்டிகளை நெய்யாற்றின்கரையில் ஒரு பேன்சி கடையில் வாங்கினேன். வெள்ளை டீ-ஷர்ட்டுகள் களியக்காவிளையில் கிடைத்தன. பருத்திதானா என்று ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையையும் திருப்பிப் பார்த்தேன். நான் செய்வது மென்பொருள் சோதனை வேலை. எது எங்கே தவறும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கையுறை, ரப்பர் பேண்டு, கீழே விரிக்கப் பழைய பாய், சாயம் தெறித்தால் துடைக்கத் துணி என்று எல்லாம் எழுதி, எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

புதுத் துணியை முதலில் ஒருமுறை அலசிக் காயவைக்க வேண்டும் என்று பெட்டியிலிருந்த தாள் சொன்னது. எனக்கு அலுவலகக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கொடுத்தேன்.

போதகரின், எங்கள் ஊர்ப் பேச்சில் அச்சனின், வெள்ளை அங்கியை வருடக்கணக்காக வெளுத்துக் கொடுத்தது அம்மாதான். சனிக்கிழமை மதியம் அங்கி எங்கள் வீட்டுக்கு வரும். மாலையில் கஞ்சி போட்டுத் தேய்த்து, இரண்டு கைகளிலும் ஏந்தி ஆலயத்துக்குக் கொண்டுபோவாள். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூட நிற்க மாட்டாள். ஞாயிறன்று அங்கியின் மடிப்பு தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவாள். அம்மாவுக்கென்று சபையில் இருந்த இடம் அதுதான்.

டீ-ஷர்ட்டுகள் மொடமொடவென்று திரும்பி வந்தன. சுருட்டிக் கட்டியபோது மடிப்புகள் அப்படியே நின்றன. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"அம்மா, நல்லா மடங்குது."

"பின்னே? அச்சனுக்க அங்கிக்குப் போடுத கஞ்சியாக்கும்."

நான் சிரித்தேன். பிள்ளைகள் சாயத்தை ஊற்றினார்கள். மறுநாள் குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிட்டேன். நிறம் இருந்தது நூலில் இல்லை, நூலின் மேலிருந்த கஞ்சியில். இதை யோசிப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

மே மாத வெயிலில் வியர்க்க வியர்க்கப் பாட்டுப் பாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம். ஆலய வாசலில் ஒரு பிள்ளை என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எனக்க கழுத்து நீலமாச்சு."

துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் போதகர் எங்கள் வகுப்பிலேயே சின்னவளைத் தூக்கி மைக்குக்கு நேராகப் பிடித்துவிட்டார். அவள் வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னாள். இறக்கிவிட்டபோது அங்கியின் மார்பில் நீலமும் ஊதாவுமாக ஒரு பெரிய திட்டு, தோள் பக்கம் ஒரு சின்ன உள்ளங்கை.

"ஏ, அச்சனும் டீ-ஷர்ட் போட்டாச்சு!" என்று ஒரு பிள்ளை கத்தியது. ஆலயமே சிரித்தது.

போதகரும் பரவாயில்லை என்பதுபோல் சிரித்தார். "சாரமில்ல, பிள்ளையளுக்க கைதானே."

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலரின் மனைவி என்னிடம் வந்தார். "என்ன மக்கா, துணி மோசமா?"

நான் வாய் திறக்கும் முன் அம்மா சொன்னாள்: "துணி நல்லதாக்கும். நான் கஞ்சி போட்டுட்டேன்."

"டீ-ஷர்ட்டுக்குக் கஞ்சியா! விட்டா நீங்க சாக்ஸுக்கும் போடுவிய போல, சேச்சி."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. கஞ்சி போட்டது தெரிந்தேதான் சாயம் ஊற்றச் சொன்னேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கிற குரலில்தான் அதுவும் வந்தது. அம்மாவுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். "நல்ல பிள்ளை" என்று ஒருவர் என் கன்னத்தைத் தட்டினார்.

அம்மா அங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உப்பு, எலுமிச்சை, சோப்பு, வெயில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னைத் தொட விடவில்லை. திட்டு வெளிறியது, போகவில்லை. உள்ளங்கை மட்டும் விரல் விரலாகத் தெரிந்தது.

அந்த வாரமே செயலரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "சபைக்குப் புது அங்கி வாங்கியாச்சு, சேச்சி. இனி அத நெய்யாற்றின்கரை டிரை கிளீனிங்ல கொடுக்கலாம்னு கமிட்டியில பேசினாவ. உங்களுக்கும் முதுகு வலி உண்டுல்லா."

"உண்டு, உண்டு," என்றாள் அம்மா. "அதும் நல்லதாக்கும்."

அம்மாவுக்கு முதுகு வலி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தோம். போதகர் புது அங்கியில் வந்தார். கடையில் மடித்த மடிப்பு குறுக்கே விழுந்திருந்தது, அம்மா தேய்ப்பதுபோல் நெடுக்காக இல்லை. அது எனக்கே தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதிலேயே கண்ணை வைத்திருந்தாள். பாட்டு எண் இன்னும் சொல்லப்படவில்லை.