மதகடி ஹிட்லரும் அவர் மகளும்

குற்றவாளி நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வலங்கைமான் கடைத்தெருவில் பதினாலு வருஷமாக இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் என் கையால்தான் விண்ணப்பம் போகும். பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிற ஜனம் நாம். காலியாக விட்டால் வளைகுடா விசாவில் தகராறு வருகிறது. அதனால் எல்லோருக்கும் அப்பா பெயரையே அங்கே தட்டிவிடுவேன். யோசிப்பதே கிடையாது. மதகடி ஹிட்லர் அண்ணன் மகள் கயல்விழிக்கும் அப்படித்தான் தட்டினேன். பெயர் கயல்விழி, சர்நேம் ஹிட்லர்.

அந்தப் பெண் நர்சிங் முடித்து, ராப்பகலாக ஜெர்மன் மொழி படித்து, ஜெர்மனியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். போன ஜூனில் ஏஜென்ட் போன் செய்தான். பாஸ்போர்ட் நகலைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆடிப்போய்விட்டார்களாம். கடைசி நேர்காணல் வியாழக்கிழமை கம்ப்யூட்டரில் நடக்கும், அதற்குள் பெயரை மாற்ற விண்ணப்பித்துவிட்டால் நல்லது, இல்லையென்றால் வேலை கைவிட்டுப் போகும் என்றான். அல்லாவே, ஒரு ஏழைப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கு ஓடினேன்.

ஹிட்லர் அண்ணன் மதகடியில் இருந்தார். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குத் திறந்துவிடுவது அவர் வேலை. சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அறுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுப்பார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்ச் சண்டையில் ஊரே மண்டையை உடைத்துக்கொண்டபோது, இவர் ஒருவரைத்தான் ஊர்த்தெரு, சேரித்தெரு என்று இரண்டு தெருவும் சேர்ந்து ஒப்புக்கொண்டது. அவருடைய ஒன்றரை ஏக்கர் மதகை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் வாய்க்கால் முடிகிற கடைமடை வயல் நனைந்த பிறகுதான் அதற்குத் தண்ணீர். இரண்டு வருஷம் அவர் குறுவைப் பயிர் காய்ந்தே போயிற்று. "என் வயலுக்கு மொதல்ல தொறந்தா அப்புறம் எவன்மா என் பேச்சைக் கேப்பான்?" என்பார்.

பழைய பண்ணையார் வீட்டுப் பேரன் பரணிதரன் ஒருமுறை வந்து மல்லுக்கு நின்றான்.

"உங்க முறை வெள்ளிக்கிழமைங்க," என்றார் இவர்.

"பேருக்கேத்த ஆளுய்யா நீ!" என்று கத்திவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். வரப்பு வெட்டி, மடை மாற்றி, அவன் வயல் முழுக்கப் பாய்ச்சியது இவர்தான். இப்போது மதகுப் பக்கம் எவனாவது குரலை உயர்த்தினால் பரணிதரனே சண்டைக்குப் போகிறான்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

"இதுக்கா இப்படிப் பதறுறீங்க?" என்றார். "மாத்திடுவோம். பாப்பா பேருல இருந்து எடுத்துடுங்க. தேவைன்னா என் பேரையே மாத்திக்கிறேன். அறுபத்திரெண்டு வருஷம் இதோட இருந்தாச்சு, போதும்."

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய அப்பா ரெத்தினம். பண்ணையில் கூலி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் சேரிப் பிள்ளைக்கு நல்ல பெயர் வைத்தாலும் பண்ணையார் வீட்டில் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். வெள்ளைக்காரனையே நடுங்க வைத்தவன் ஒருவன் இருந்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பண்ணையாரும் கூப்பிடும்போது கொஞ்சம் பயப்படட்டுமே என்று மகனுக்கு வைத்துவிட்டார். வேறு ஒன்றும் அந்த மனுஷனுக்குத் தெரியாது.

அந்த ஹிட்லர் யார் என்பது அண்ணனுக்கே மகள் மூலமாகத்தான் தெரிந்தது. கயல்விழி பத்தாவது படிக்கும்போது பாடத்தில் வந்துவிட்டது. வகுப்பே கேலி செய்ய, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளை உட்கார வைத்து அந்தப் பாடத்தை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம் அண்ணன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பச்சப் புள்ளைங்களைக்கூட விடலையே பாவி!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம்.

இப்படிப்பட்டவர் மாற்றலாம் என்றால், மகள் மாட்டேன் என்கிறாள்!

"அடியே, வேலை போயிடும்டி!" என்று கத்தினேன்.

"போகட்டும்க்கா. அந்த ஆளோட பேரு ஒண்ணும் எனக்கு வேணாம். ஆனா பாஸ்போர்ட்ல இருக்கறது எங்க அப்பா. அவரை எடுத்துப் போட்டுட்டு நான் எங்க போறது?"

பிடிவாதம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வியாழக்கிழமை மத்தியானம் என் கடையில்தான் நேர்காணல். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டேன். அண்ணனும் வந்திருந்தார், வெளுத்த வேட்டி, கையில் சுருட்டிய முத்திரைத்தாள். மகளுக்குத் தெரியாமல் நோட்டரியிடம் போய்ப் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்! அவள் தோற்றால் உடனே நீட்டிவிடலாம் என்று.

திரையில் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு அம்மா, தலைமை நர்சாம். பெயரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கயல்விழி நிதானமாக ஜெர்மனில் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்:

"அந்த ஆள் செஞ்ச கொடுமையெல்லாம் நானும் படிச்சிருக்கேன். உங்க ஆஸ்பத்திரியில அவனால குடும்பத்தையே பறிகொடுத்த வயசானவங்க இருக்கலாம். அதனால சட்டையில குத்துற அட்டையில கயல்விழின்னு மட்டும் போடுங்க, அவங்க மனசு நோகக் கூடாது. ஆனா பாஸ்போர்ட்ல இருந்து எடுக்க மாட்டேன். எங்க ஊர்ல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வயலுக்குத் தண்ணி வரும்."

அந்த அம்மா குனிந்து எதையோ எழுதினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ கேட்டார். கயல்விழி கேமராவை அண்ணன் பக்கம் திருப்பினாள். இவர் பதறி எழுந்து, முத்திரைத்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டு, "ஹெர் ஹிட்லர்," என்று தலை தாழ்த்தி வணக்கம் சொன்னார்.

திரை அணைந்ததும் கயல்விழி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வேலை உறுதி, செப்டம்பரில் கிளம்ப வேண்டும். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"ஹெர்ருன்னா என்ன பாப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

"நம்ம ஊர்ல ஐயான்னு சொல்லுவோம்ல, அதுப்பா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார், சிரிப்பார் என்று பார்த்தால், முகம் கலங்கியிருந்தது.

"பாவம்," என்றார். "எனக்காக அந்தப் பேரை வாயால சொல்லணும்னா, அந்தம்மாவுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."